முறிந்த எலும்பும் கைத்தொலைபேசியும்: கேள்வி – பதில்

கேள்வி: அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் போட்டிருக்கிறது. கனடாவிலிருந்து அண்ணா ஒவ்வொரு இரவும் வீடியோ கோல் எடுப்பார். "போனை அந்தக் கையில் பிடித்தால் எலும்பு பொருந்தாது" என்கிறார்கள் அயலவர்கள். உண்மையா? (வாசகி, அனலைதீவு)

பதில்: அண்ணாவோடு ஆசைதீரப் பேசட்டும். கைத்தொலைபேசி அலை முறிந்த எலும்பைப் பொருந்தவிடாமல் தடுக்கும் என்று மனிதர்களில் நடந்த எந்த ஆய்வும் நிறுவியதில்லை. ஆனாலும் போன் மற்றக் கையில் இருக்கட்டும். அலைக்குப் பயந்தல்ல, முறிந்த கைக்குப் பாரம் கூடாது என்பதற்காக. பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் விரல்களை மட்டும் நாளும் பல தடவை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விரல் விறைத்துவிடும்.

கேள்வி: எக்ஸ்ரேயும் கதிர், போனும் கதிர். இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், எழுவைதீவு)

பதில்: இல்லை. எக்ஸ்ரே அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கக்கூடியது. போன் அலைக்கு அந்த வலு கிடையாது. அதனால் முடிவது சிறிதளவு சூடாக்குவதுதான். 4ஜி போன் ஒன்று அனுப்பும் சக்தி உச்சத்திலும் ஏறத்தாழ 0.2 வாட்.

கேள்வி: அப்படியென்றால் இதுபற்றி ஆய்வே இல்லையா? (மாணவர், ஊர்காவற்றுறை)

பதில்: உண்டு. பெரும்பாலும் எலிகளில். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இடுப்பில் போன் கொளுவித் திரியும் ஆண்களின் இடுப்பெலும்பை 2009இல் துருக்கியிலும் 2011இல் ஆர்ஜென்டினாவிலும் அளந்து பார்த்தார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள், கண்டதும் சிறு வேறுபாடுகள். அவையும் முறியாத எலும்பைப் பற்றியவை. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்த அலைகளை "சாத்தியமுண்டு" என்ற 2பி பிரிவில் வைத்தது. அது புற்றுநோய் பற்றிய வகைப்படுத்தல். அதை எலும்பு முறிவோடு முடிச்சுப் போடக்கூடாது.

கேள்வி: மின்காந்தத்தாலேயே எலும்பைப் பொருத்துகிறார்களாமே? (ஆசிரியை, நயினாதீவு)

பதில்: ஆம். எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1957இல் ஜப்பானின் ஃபுக்காடாவும் யசுடாவும் காட்டினார்கள். அதன் வழியே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ட்ரூ பாசெட் துடிப்பு மின்காந்தச் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். பொருந்தாத எலும்புக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1979இல் அனுமதி கொடுத்தது. அந்தக் கருவியின் துடிப்பு செக்கனுக்குச் சில பத்துத் தடவைதான். 900 மெகாஹேர்ட்ஸ் போன் அலையோ செக்கனுக்கு 90 கோடித் தடவை அதிர்வது. ஆகவே, குணமாகும் என்று நம்பி யாரும் போனை முறிவின்மேல் வைத்துக் கட்டவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான். அலை குறைவு, அது நல்லதுதானே? (வாசகர், அனலைதீவு)

பதில்: மறுபக்கமாக யோசியுங்கள். சிக்னல் குறையக் குறைய, கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டும். வெளியான இடத்தில் நின்று பேசுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் தலைக்கும் போனுக்கும் இடைவெளி கிடைக்கும்.

கேள்வி: அப்பாவுக்குக் கால் முறிந்து ஐந்து மாதம். இன்னும் பொருந்தவில்லை. போனைப் பறித்து வைத்துவிட்டோம். வேறென்ன செய்யலாம்? (மகன், அனலைதீவு)

பதில்: போனைத் திருப்பிக் கொடுங்கள். அப்பா சுருட்டுப் பிடிப்பவரென்றால் அதைப் பறியுங்கள். நிகொட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையிலுள்ள காபன் மொனொக்சைட் எலும்புக்குப் போகவேண்டிய ஒட்சிசனைக் குறைக்கும். புகைப்பவருக்கு எலும்பு பொருந்தாமற்போகும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிகொட்டின்தான். அனலைதீவில் புகையிலை பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்த பயிர் என்பது தெரியும். விளைவிப்பதை நான் குறை சொல்லவில்லை. எலும்பு பொருந்தும்வரையாவது அது வாய்க்குப் போகக்கூடாது.

சீனி வியாதி இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். முட்டை, மீன், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பால் கொடுங்கள். கீழ்க்கால் எலும்புக்கு நாலைந்து மாதம் எடுப்பது புதிதல்ல. என்றாலும் கிளினிக் திகதியைத் தவறவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: முதலில் முறிவு நெறிவு வைத்தியரிடம் போகலாமா? (வாசகி, வேலணை)

பதில்: முதலில் எக்ஸ்ரே. எலும்பு வெளியே தெரிந்தால், விரல் நீலித்தால், மரத்துப்போனால் வைத்தியசாலைக்குப் போக ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. யார் கட்டிய கட்டென்றாலும் இதைச் செய்து பாருங்கள்: விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், அல்லது வலி கூடிக்கொண்டே போனால், கட்டு இறுகியிருக்கலாம். இரத்தம் போகாத தசை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும்.

கேள்வி: இரவில் முறிந்தால் தீவிலிருப்பவர்கள் என்ன செய்வது? (வாசகர், அனலைதீவு)

பதில்: முறிந்த இடத்துக்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகள் அசையாதபடி, துணி சுற்றிய பலகையையோ பனைமட்டையையோ வைத்து இறுக்காமல் கட்டுங்கள். ஊரிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கடல் தாண்ட வேண்டுமென்றால், படகு புறப்படும் முன்பே 1990 இலக்கத்துக்கு அழைத்து இறங்குதுறைக்கு அம்புலன்ஸைக் கேளுங்கள். 2018 ஜூலை முதல் வடக்கிலும் இந்தச் சேவை இலவசமாக நடக்கிறது. படகோட்டியின் இலக்கத்தையும் 1990ஐயும் இன்றே போனில் பதிந்து வையுங்கள். இரவில் போனைச் சார்ஜ் இல்லாமல் விடாதீர்கள்.