காற்றுக்கு வாசல் இரண்டு

கே: கிழக்கே பெரிய ஜன்னல் வைத்தும் கடற்காற்று உள்ளே வரவில்லையே?
– பெசன்ட் நகர்

ப: எதிர்ச்சுவரில் என்ன இருக்கிறது, பீரோவா? வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று புகாது. காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும், பின்சுவரில் குறையும். இரண்டிலும் திறப்பு இருந்தால்தான் ஓட்டம்.

கே: எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா?
– திருச்சி

ப: தாராளமாக. நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று, மறைப்பில்லாத வீட்டில் நேராக மோதினால் முன்-பின் அழுத்த வித்தியாசம் சுமார் 2 பாஸ்கல். எதிரெதிரே 3 அடிக்கு மூன்றரை அடித் திறப்புகள் இருந்தால் நொடிக்கு 0.8 கன மீட்டர் வரும். 12க்கு 10 அடி அறையின் கொள்ளளவு முக்கால் நிமிடத்துக்குள் உள்ளே வந்துவிடும். பின் ஜன்னலைக் கால் பங்காக்கினால் வரத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதன்பின் முன் ஜன்னலை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 2 சதவீதமே! முன்புற அழகுக்குச் செலவழித்துப் பின்புறம் கையளவு ஜன்னல் வைக்கும் வழக்கம் எனக்குத் தாங்கவில்லை. ஒன்று கவனியுங்கள்: ஃப்ரேம் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும்.

கே: இந்தக் கணக்கை அப்படியே நம்பலாமா?
– மதுரை

ப: சின்னத் திறப்புக்கு நம்பலாம். கூரான விளிம்பைத் தாண்டும் காற்று ஒடுங்குவதால், பரப்பில் 0.6 பங்கே பயன்படுவதாகக் கொள்கிறோம். சுவரில் பெரும்பகுதி திறந்திருந்தால் காற்று வேகம் இழக்காமல் நேரே பாய்ந்து போகும். அப்போது இந்தக் கணக்கு வரத்தைக் குறைத்துச் சொல்லும். இன்னொரு சிக்கல், சுவர் அழுத்தங்களைக் காற்றுச் சுரங்கத்தில் பெரும்பாலும் ஜன்னலே இல்லாத மாதிரிக் கட்டடங்களில்தான் அளக்கிறார்கள்; ஜன்னல் திறந்த சுவரில் அழுத்தம் மாறலாம்.

கே: காற்று நேராக அடித்தால்தான் நல்லதா?
– தூத்துக்குடி

ப: எப்போதும் இல்லை. எதிரெதிர் ஜன்னல்களுக்குச் சாய்வாக வரும் காற்றே மேல். அறைக்குள் சுழன்று மூலைவரை போகும் என்று இஸ்ரேலியக் கட்டடவியலாளர் பாருக் கிவோனி சோதித்துக் காட்டினார். அடுத்தடுத்த சுவர்களில் ஜன்னல் என்றால் நேர்க்காற்று நல்லது.

கே: கொசுவலை?
– கும்பகோணம்

ப: காற்றைக் குறைக்கும், ஆனாலும் கழற்ற வேண்டாம். ஜன்னலில் அடிப்பதற்குப் பதில் பால்கனி முழுவதற்கும் அடியுங்கள். பரப்பு கூடக்கூட வலைக்குள் காற்றின் வேகம் குறையும், இழப்பும் குறையும்.

கே: எங்கள் ஃபிளாட்டில் ஒரு பக்கம்தான் வெளிச்சுவர்!
– அம்பத்தூர்

ப: வாசல் கதவுக்கு வெளியே திறந்த நடைபாதை இருந்தால் கம்பிக்கதவு போடுங்கள். அறைக் கதவுகளுக்கு மேலே வென்டிலேட்டர் வையுங்கள், கதவைச் சாத்தினாலும் வழி இருக்கும்.