புயலும் அரை லிட்டர் பாக்கெட்டும்: நெருக்கடிக்கால இருப்பு பற்றி ஓர் ஆய்வு

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றிருக்கிறது என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்த மாலையில் சென்னைவாசி கடைக்கு விரைந்து வாங்கிவருபவை பால், பிரெட், மெழுகுவத்தி. பட்டினி கிடக்க நேருமோ என்ற பயத்தில்தான் இந்தக் கொள்முதல் நடக்கிறது என்று அதிகாரிகளும் பத்திரிகைகளும் இதுகாறும் நம்பிவந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சான்று ஏதும் இல்லை. மறுநாள் காலை காபி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமே இதற்கு மூலகாரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. நெருக்கடி இருப்பு என்பது வயிற்றுக்காக வைப்பதன்று, வழக்கத்துக்காக வைப்பது.

முதற்சான்று, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது. ஜெர்மன் அரசு 2016-இல் வெளியிட்ட குடிமக்கள் பாதுகாப்புத் திட்டம், வீட்டுக்கு வீடு பத்து நாளுக்கான உணவும், ஐந்து நாளுக்கு ஆளுக்குத் தினம் 2 லிட்டர் வீதம் தண்ணீரும் வைத்திருக்கச் சொன்னது. ஜெர்மானியர் அதைப் பெரிய விவாதமாக்கினார்கள். நம் ஊரில் நால்வர் வாழும் வீடொன்றை அதே அளவுகோலால் அளப்போம். தண்ணீர் 40 லிட்டர், அதாவது ஸ்டாண்டில் கவிழ்ந்திருக்கும் கேன் ஒன்று, மூலையில் காத்திருக்கும் கேன் ஒன்று. அரிசியோ மூட்டையாகவே கிடக்கிறது. (25 கிலோ வரையுள்ள பைகளுக்கு 2022 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் பல மூட்டைகள் ஒரே இரவில் ஒரு கிலோ சதை போட்டு 26 கிலோ ஆயின. வரிவிதிப்பால் உணவு இருப்பு பெருகியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.) நாளுக்கு முக்கால் கிலோ பொங்கினாலும் ஒரு மாதம் தாண்டும். போதாததற்குச் சித்திரை வெயிலில் காய்ந்த மணத்தக்காளியும் சுண்டைக்காயும் மோர்மிளகாயும் டப்பாக்களில் கிடக்கின்றன. புளியும் பருப்பும் ஊறுகாயும் தனி. கார்த்திகைப் புயல் ஒரு வாரம் முற்றுகையிட்டாலும் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாக அந்தக் குடும்பம் ஒரு சுற்றுப் பெருத்தே வெளியே வரும். அப்படிப்பட்டவர்கள் எதற்காக மழையில் நனைந்து வரிசையில் நிற்கிறார்கள்? வீட்டில் இருக்கும் பொருள்களில் எது கெடாதோ அது ஏராளம். எது ஒரே நாளில் திரிந்துபோகுமோ அதற்குத்தான் வரிசை. பசிதான் காரணமென்றால் வரிசை அரிசிக் கடையில் அல்லவா நீண்டிருக்க வேண்டும்?

இது தமிழருக்கு மட்டும் உரிய குணமன்று. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஆஸ்திரேலியர் கழிப்பறைக் காகிதத்துக்கு அடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடைகள் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அதை எந்த நாட்டிலும் எவரும் சாப்பிடுவதில்லை. அமெரிக்காவில் பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் பாலும் முட்டையும் பிரெட்டும் தீர்ந்துபோகின்றன. ஆபத்து வருகையில் மனிதன் தேடி ஓடுவது தன் காலைப்பொழுதுக்கு எது இன்றியமையாததோ அதைத்தான். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மக்கள் பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள். விலையும் தாறுமாறாக ஏறியது. வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து அரிசியோடு அடுப்பும் மூழ்கிய பகுதிகளின் கதை வேறு. அங்கே பசி உண்மையான பசி. அவர்களை இந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. மாடியில் உலர்ந்த பாதத்தோடு நின்று பாலுக்காகத் தவித்தவர்களே நமது ஆய்வுப்பொருள்.

எதிர்வாதங்கள் உண்டு. குழந்தைக்குப் பால் வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும், மறுப்பே இல்லை. ஆனால் கைக்குழந்தை இல்லாத வீட்டிலும் நான்கு பாக்கெட் வாங்கப்படுவதை அது விளக்காது. இரண்டாவது வாதம் கொஞ்சம் கூர்மையானது: காபிதான் காரணமென்றால், மாதக்கணக்கில் கெடாத பால்பவுடரும் அட்டைப்பெட்டிப் பாலும் இருக்கையில் அவற்றை ஏன் வாங்கிவைப்பதில்லை? வாங்குகிறார்கள். போன புயலுக்கு வாங்கிய பவுடர் டின் மேல்தட்டில், மூடி பிரிக்கப்படாமல், அடியில் அச்சிட்ட தேதி எப்போதோ கடந்த நிலையில் இருக்கும். பவுடர் பாலில் போட்ட காபி காபியே இல்லை என்பது அந்த வீட்டின் தீர்ப்பு. உயிர் பிழைப்பதுதான் நோக்கம் என்றால் ருசி பற்றிய இந்தத் தீர்ப்புக்கு இடமேது? ஆக, எதிர்வாதியே நம் பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

மூன்றாவது வாதத்துக்குக் கொஞ்சம் தலைவணங்கத்தான் வேண்டும். புயலுக்கு முந்தைய இரவு மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்புகிறார்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். கிரைண்டரில் இரண்டு நாளைக்கான மாவை அரைத்துவிடுகிறார்கள். இதெல்லாம் தொலைநோக்கு இல்லையா? தொலைநோக்குதான். வரப்போகும் மின்வெட்டுக்கு எதிராக, கையில் இருக்கும் மின்சாரத்தைத் தண்ணீராகவும் மாவாகவும் மாற்றிச் சேமிக்கும் இந்த உத்திக்கு எந்தப் பொறியாளரும் கைதட்டலாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த பிறகு, பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, புளித்த மூன்றாம் நாள் வெங்காயம் தூக்கலாகப் போட்ட ஊத்தப்பம் என்று மாவு தன் கடமையைச் செய்திருக்கும். ஆனால் கவனியுங்கள்: அரிசி மூட்டை பக்கத்திலேயே இருக்கிறது, சோறு வடிக்கக் கரண்ட் தேவையில்லை. காலையில் சோறா என்று முகம் சுளிக்காமல் இருக்கத்தானே அத்தனை மாவும்?

இனி ஆராய வேண்டியது புயல் வராமல் போகும் சமயம். சென்னையை நோக்கி வந்த புயல் மனம் மாறி ஆந்திரா பக்கம் திரும்புவதும் உண்டு. அன்று காலை கரண்ட் இருக்கும், வெயில் அடிக்கும், பால்காரரும் வழக்கம்போல் வந்திருப்பார். ஃபிரிட்ஜில் நான்கு பாக்கெட் உட்கார்ந்திருக்கும். அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் பாயசம், பால்கோவா, கெட்டித் தயிர். இத்தனையும் சாப்பிட்டுக்கொண்டே வானிலை ஆய்வு மையத்தைத் திட்டுவார்கள்.