பைத்தியமும் கல்யாணமும்: கர்னல் கேள்வி-பதில்

கே: எட்டு கோர் மெஷினுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின்லாக் போதுமா, ஐஆர்க்யூசேவ் போட வேண்டுமா?

ப: ஹேண்ட்லரை விசாரித்துப் பயனில்லை. அதே லாக்கை இன்னும் யார் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு ஹேண்ட்லர் ஓடும்போது அதே இன்டரப்ட் இன்னொரு கோரில் ஓடாமல் கர்னலே பார்த்துக்கொள்கிறது. 2010-ல் வந்த 2.6.35-லிருந்து, ஹேண்ட்லர் ஓடுகிற கோரில் மற்ற இன்டரப்ட்களும் அடைத்தே இருக்கும். எனவே உள்ளே வெறும் ஸ்பின்லாக் போதும். லாக்கோடு அந்தக் கோரின் இன்டரப்ட்டையும் அடைக்கும் ஐஆர்க்யூசேவ் தேவைப்படுவது வெளியே, அதே லாக்கை எடுக்கும் உங்கள் ரீட், ரைட் ஃபங்ஷன்களில். பெரும்பாலோர் அங்கேதான் மறக்கிறார்கள்.

கே: மறந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

ப: ரீட் ஃபங்ஷன் மூன்றாவது கோரில் லாக்கை எடுத்து, கியூவின் பாயிண்டரை மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியில் அதே கோரில் இன்டரப்ட். ஹேண்ட்லர் லாக்குக்காகச் சுற்றத் தொடங்குகிறது. லாக்கை விட வேண்டிய ரீட், ஹேண்ட்லர் முடிந்தால்தான் மறுபடி ஓடும். ஹேண்ட்லரோ லாக் கிடைத்தால்தான் முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. அந்தக் கோர் அவ்வளவுதான். இதே இன்டரப்ட் ஐந்தாவது கோரில் வந்திருந்தால் ஒன்றுமே ஆகாது: அது கொஞ்ச நேரம் சுற்றும், ரீட் லாக்கை விட்டதும் வேலையைப் பார்க்கும். உங்கள் மேஜையில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய டிரைவர் வாடிக்கையாளரிடம் போய்த் தொங்குவது இதனால்தான்.

கே: ஒற்றைக் கோர் போர்டில் இதே கோடு ஒருமுறைகூடத் தொங்கியதில்லையே?

ப: தொங்க அங்கே லாக் ஏது? ஒற்றைக் கோருக்கென்று கம்பைல் செய்தால் ஸ்பின்லாக் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். மிஞ்சினால் ப்ரீஎம்ப்ஷனை நிறுத்தும். உங்கள் டேட்டா சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருந்திருக்கலாம். போய்ப் பாருங்கள்.

கே: ஐஆர்க்யூ, ஐஆர்க்யூசேவ் இரண்டும் ஒன்றுதானே?

ப: ஐஆர்க்யூ வகை, அன்லாக் செய்யும்போது இன்டரப்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடும். உங்களைக் கூப்பிட்டவர் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தார் என்றால், அவர் காலை வாரிவிட்டீர்கள். சேவ் பழைய நிலையை நினைவில் வைத்துத் திருப்பித் தரும். சந்தேகம் இருந்தால் சேவ்.

கே: என்எம்ஐ?

ப: அது ஐஆர்க்யூசேவ் உட்பட எதற்கும் அடங்காத இன்டரப்ட். அதனோடு லாக்கைப் பகிர நினைக்காதீர்கள்.

கே: ஐஆர்க்யூசேவை மறக்கும் தப்பை முன்கூட்டியே பிடிக்க வழி உண்டா?

ப: லாக்டெப். இங்கோ மோல்னார் எழுதி, 2006-ல் 2.6.18-ல் சேர்ந்தது. மெஷின் தொங்கும்வரை அது காத்திருக்காது. ஒரு லாக்கை ஹேண்ட்லரில் ஒருமுறை, இன்டரப்ட் திறந்திருக்கும் வேறிடத்தில் ஒருமுறை எடுத்தாலே போதும், புகார்ப் பட்டியலைக் கர்னல் பதிவில் கொட்டிவிடும். வேகம் குறையும் என்று இதை அணைத்து வைத்து டெஸ்ட் செய்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

கே: ரியல்டைம் கர்னலிலும் இதே கணக்குத்தானா?

ப: இல்லை. 2024-ல் 6.12-ல் முதன்மைக் கர்னலுக்குள் வந்த ப்ரீஎம்ப்ட்-ஆர்டியை இயக்கினால், சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடிய லாக்காகிவிடும், ஹேண்ட்லர்களில் பெரும்பாலானவை த்ரெட்களாகிவிடும். ஐஆர்க்யூசேவ் என்றே எழுதியிருந்தாலும் இன்டரப்ட் அடைபடாது. நிஜமாகவே அடைக்க வேண்டுமென்றால் ரா ஸ்பின்லாக்கை ஐஆர்க்யூசேவோடு எடுங்கள். எடுத்தால் நாலு வரியில் விட்டுவிடுங்கள்.