வாடகைக் கணக்கு மாமா

செகந்திராபாத் போலாரத்து வாடகைக் கணக்கு மாமாவை அடையாளம் காண்பது சுலபம். ரிட்டயர்மென்ட் பணம் கையில் வந்த மறுவாரமே, விற்பனைப் பலகை தொங்கும் கட்டடம் ஒவ்வொன்றின் எதிரிலும் அண்ணாந்து நிற்பார். "மாசாமாசம் வாடகை வந்தா அது இன்னொரு பென்ஷன்தானே?" என்பார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லத் தேவையில்லை.

அவருக்கென்றே ஒரு புரோக்கர் வாய்ப்பார். "சார், ராஷ்டிரபதி நிலையம் பக்கத்துலயே!" மாமா பூரித்துப்போவார். குடியரசுத் தலைவர் வழக்கமாகக் குளிர்காலத்தில் வந்து தங்குவது உண்மைதான். ஆனால் வாடகைக்கு வீடு தேடி வருவதில்லை. "எம்எம்டிஎஸ் ரயில் வந்தாச்சு சார்!" 2023 ஏப்ரலில் மேட்சல் வரை விட்டார்கள், அதுவும் உண்மை. எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு என்று மாமா கேட்கமாட்டார். குடிவருகிறவர் கேட்பார்.

கேட்க வேண்டியது வேறு. வீடு கன்டோன்மென்ட் எல்லைக்குள்ளா, மாநகராட்சியின் அல்வால் பக்கமா? கன்டோன்மென்ட் என்றால், பிரிட்டிஷ் காலத்து ‘ஓல்டு கிரான்ட்’ மனையில் கட்டடம்தான் நம்முடையது, நிலம் சர்க்காருடையது. வில்லங்கச் சான்றோடு ராணுவ நிலப் பதிவேட்டையும் ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். மாமா வக்கீலுக்குப் பதில் வாஸ்து ஜோசியரை அழைத்துவருவார். சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதாம், அட்வான்ஸ் கைமாறிவிடும்.

எழுபது லட்சத்துக்கு ஃபிளாட், பதினெட்டாயிரம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். தெலங்கானாவில் 2021 ஜூலையிலிருந்து பத்திரச் செலவு 7.5 சதவீதம், அதாவது 5,25,000 ரூபாய். முதல் இரண்டரை வருஷ வாடகையை மாமா முன்கூட்டியே அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார். அதைக் கேட்டால், "அது முதலீடுப்பா" என்பார்.

குடித்தனம் ராணுவக்காரர் என்றால் மாமாவுக்குத் தனிப் பெருமை. ஒழுங்காகப் பணம் வரும். போஸ்டிங்கும் ஒழுங்காக வரும். வீடு காலியாகும், வெள்ளையடிப்பு, மெயின்டனன்ஸ், சொத்து வரி எல்லாம் மாமா தலையில் விழும். பதினோரு மாத வாடகையில் இவை போனால் கையில் நிற்பது 1,80,000 என்று வையுங்கள். போட்ட பணம் 75,25,000. வருமானம் இரண்டரை சதவீதம்கூட இல்லை. அந்தப் பணத்தைப் போட்டால் பேங்க்காரர் இதைவிட அதிகம் தருவார். நள்ளிரவில் போன் பண்ணி, "அங்கிள், மோட்டார் ஓடல" என்றும் சொல்லமாட்டார்.

வருமான வரியில் மட்டும் மாமா புலி. வாடகையில் 30 சதவீதம் கழிவு. ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும், ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே கழிவுதான். சட்டத்தின் சாரத்தை மாமா சரியாகப் பிடித்துக்கொண்டார்: ஒழுகும் குழாயை அவர் தொடுவதே இல்லை.

"விலை ஏறுமே!" என்பது அவருடைய கடைசி அஸ்திரம். ஏறலாம். அப்படியென்றால் அது வாடகைக்காக வாங்கிய வீடு அல்ல, விலை ஏறும் என்று கட்டிய பந்தயம். இரண்டாவது பென்ஷன் தேடுகிறவர்கள் வருஷத்துக்குப் பதினோரு மாதம் என்று கணக்குப் போடுங்கள், பத்திரச் செலவையும் முதலில் சேருங்கள், வக்கீல் தலையசைத்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அப்படியே ஒரு நல்ல பிளம்பர் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.