விடுமுறை விஞ்ஞானி

தவணை விடுமுறை விட்ட மறுநாளே அவர் குசினிக்குள் நுழைந்துவிடுவார். மற்ற நாட்களில் சீனி எந்த டின்னில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர், அன்றைக்கு இரண்டு கிலோ சீனியும் ஒரு பொதி ஸ்கிட்டில்ஸுமாக வந்து நிற்பார். கையில் போன், போனில் எந்தத் தேசத்திலோ ஒரு அம்மா செய்து காட்டிய பரிசோதனை. கண்டியில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை வரை தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். (இன்ன வீட்டு மாமாவைத்தானே சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் மறுக்கப் போவதில்லை.) ஐந்து வயதுப் பிள்ளைக்கு டொபியை வைத்து விஞ்ஞானம் காட்டுவது நல்ல காரியம், அதில் எனக்கு வழக்கே இல்லை. வழக்கு என்னவென்றால், இவர் காட்டுவது விஞ்ஞானம் அல்ல. விடையை மடியில் கட்டிக்கொண்டு கேள்வி கேட்கிற வேலையைத்தான் நகரத்து டியூட்டரிகள் வருடம் முழுக்கச் செய்கின்றனவே, விடுமுறையிலும் எதற்கு?

ஸ்கிட்டில்ஸ் பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பீங்கானின் விளிம்பைச் சுற்றி நிறம் நிறமாக டொபியை அடுக்கி, நடுவில் இளஞ்சூட்டு நீரை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். இதற்கு அவர் செய்கிற ஆர்ப்பாட்டம் பெரஹெராவுக்குக்கூட இருக்காது. "இப்ப என்ன நடக்கும், சொல்லு பாப்பம்?" என்பார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் "நிறம் கரைஞ்சு நடுவுக்கு வரும், சரியா?" என்று தானே முடித்துவிடுவார். நீர் ஊற்றியதும் "பாத்தியா, பாத்தியா?" பிள்ளை பார்ப்பது பீங்கானை அல்ல, அவர் வாயை. விரல் ஒன்று மெல்ல நீண்டால் "தொடாத, பாரு!" பார்த்தால் "என்ன பாத்த, சொல்லு!" சொல்ல ஆரம்பித்தால் "அதில்ல, நான் சொல்றேன் கேளு." இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எப்படியோ ஒரு கேள்வியைக் கேட்டுவிடும்: "அப்பா, செவப்பும் மஞ்சளும் ஏன் கலக்கல?" அன்றைய நாளின் ஒரே விஞ்ஞானக் கேள்வி அதுதான். அதற்கு நம் ஆள், "அது அப்பிடித்தான், அதுதான் விஞ்ஞானம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொதியைப் பிரிப்பார். காரணம் அப்படி ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. டொபியின் மேற்பூச்சு கரைந்த நீர் வெறும் நீரைவிடக் கனமானது, ஆகவே பீங்கானின் அடியோடு ஊர்ந்து போகிறது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே அளவு கனமான கரைசல் வந்து முட்டும்போது ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போக வழியில்லை, எல்லைக்கோடு நிற்கிறது. இது தெரியாவிட்டாலும் குற்றமில்லை. "தெரியலயே, பீங்கானைச் சாய்ச்சுப் பாப்பமா?" என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது.

கற்கண்டு வளர்க்கிற படலம் இன்னும் மோசம். அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் 200 கிராம் அளவு சீனியைக் கரைக்கும், கொதிக்கும்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சூட்டில் அளவுக்கு மீறிக் கரைத்து ஒரு போத்தலில் ஆறவிட்டால், மிஞ்சிய சீனி நூலில் ஒட்டிய பருக்கைகள் மேல் படிந்து வளரும். அதற்கு வேண்டியது போத்தலைச் சும்மா விடுவது. காலையில் ஒரு தூக்கு, மத்தியானம் ஒரு தூக்கு, விருந்தாளி வந்தால் விசேஷத் தூக்கு என்று நூலை இழுத்து இழுத்துக் காட்டுகிறவரிடம் அது நடக்குமா? போதாததற்குக் கண்டி மழை வேறு. நிறைவுற்ற சீனிக் கரைசலைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 85 வீதத்தைத் தாண்டினால் கரைசல் நீரை இழக்காது, காற்றிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். மார்கழி மாதத்து மழை இரவில் இங்கே அந்த எல்லையைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. குளிர்ந்து உலர்ந்த தேசத்து வீட்டில் ஒரு வாரத்தில் வளர்ந்த கற்கண்டு, ஹந்தானைச் சாரலில் பாகாகவே கிடக்கிறது. பிள்ளைக்கு இதைவிட அருமையான பாடம் கிடைக்குமா? நம் ஆள் என்ன செய்கிறார்? ஆறாம் நாள் இரவு கடைக் கற்கண்டை வாங்கி வந்து போத்தலுக்குள் தொங்கவிடுகிறார். கட்டிக் கற்கண்டு நூலில்தான் விளைகிறது, உடைத்தால் உள்ளேயும் நூல், ஆகவே களவு பிடிபடாது. ஆனால் பாகு ஏன் பாகாகவே நின்றது என்ற கேள்வி பாகோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விட்டது.

வெப்பமானி விவகாரம் சின்னது, ஆனாலும் சொல்ல வேண்டும். கெட்டி டொபிக்குப் பாகு 150 பாகை செல்சியஸ் அளவு வர வேண்டும் என்று போனில் இருக்கிறது. அது கடல்மட்டத்துக் கணக்கு. சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிற கண்டியில் நீர் 98 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94 போதும். பாகின் கணக்கையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? அதே அடுப்பில் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிற அம்மா ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லிவிடுவார். அவர் பார்ப்பது வெப்பத்தை அல்ல, பாகில் நீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. அந்தச் சோதனைக்குக் கொழும்பும் நுவரெலியாவும் ஒன்றுதான்.

சின்னப் பிள்ளைக்குக் காரணம் எதற்கு, 'ஆ' என்று வாய் பிளந்தால் போதாதா என்று கேட்பார்கள். வாய் பிளக்க வைக்கத்தான் மென்டோஸும் கோலாவும் இருக்கின்றன. முற்றத்தில் பீய்ச்சியடிக்கட்டும், நானும் நின்று பார்ப்பேன். அதைப் பரிசோதனை என்று சொல்லிப் பிள்ளையைக் கொப்பியோடு உட்கார வைக்காமல் இருந்தால் சரி. இன்னும் சிலர் பெரிய இடத்துச் சாட்சி கொண்டுவருவார்கள்: லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் நத்தார் காலத்தில் சிறுவருக்கு விஞ்ஞான விரிவுரை நடக்கிறது, விஞ்ஞானி பரடே 19 முறை செய்தார், ஒரு மெழுகுதிரியையே பொருளாக்கிப் பேசினார், நம் ஆள் டொபியை எடுத்தால் தப்பா என்று. தப்பில்லை. பரடே யாரிடமும் கேட்டு வந்ததைச் சொல்லவில்லை, மெழுகுதிரியைத் தானே துருவிப் பார்த்தவர். டொபியோ நத்தாரோ வேண்டும் என்றுகூட இல்லை. மழை நாளில் ஒரு சாசரில் சீனியும் இன்னொன்றில் சிரட்டையில் வார்த்த கித்துள் கருப்பட்டித் துண்டும் ஜன்னலோரம் வைத்துவிட்டு, எது முதலில் கசியும் என்று பிள்ளையையே பந்தயம் கட்டச் சொல்லலாம். பெரும்பாலும் கருப்பட்டிதான் முந்தும், அதிலுள்ள குளுக்கோஸும் புருக்டோசும் ஈரத்தைச் சீக்கிரம் இழுப்பதால். நெருப்பு வேண்டாம், செலவு வேண்டாம். தோற்றாலும் கருப்பட்டியைத் தின்னலாம்.

இவ்வளவு திட்டினாலும் இந்த மனிதர் மீது முழுக்கக் கோபம் வருவதில்லை. இவரைப் போன்ற பலர் படித்த மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான்; அதற்குப் பிறகும் பல இடங்களில் ஆய்வுகூடம் என்பது பெயர்ப்பலகையோடு சரி. நோக்கம், உபகரணம், அவதானிப்பு, முடிவு என்று கரும்பலகையிலிருந்து கொப்பிக்கு இறக்கி, கண்ணால் காணாத பரிசோதனைக்கு அவதானிப்பு எழுதிப் புள்ளி வாங்கிய தலைமுறை அது. விடை முதலில், பரிசோதனை பிறகு என்றுதான் அவருக்குப் பழக்கம். ஆகவே "தொடாத" என்று அவர் சொல்லும்போது, அந்தப் பீங்கானைத் தான் முதலில் தொட வேண்டும் என்ற நாற்பது வருட ஆசையும் அதில் கலந்திருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது, அவருக்கும் அன்றைக்கு ஐந்துதான்.

ஆனால் பாகுச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுப் படம் பிடிக்கப் போனைத் தேடுகிற பழக்கத்தை மன்னிக்க முடியாது. கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு அதைவிடக் கடும் சூடு, தோலில் ஒட்டிக்கொண்டு எரிக்கும். சின்னப் பிள்ளை நிற்கிற இடத்தில் அது கூடவே கூடாது. பிறகு அந்தச் சட்டி. சீனி நீரில் கரையும் என்று விடுமுறை முழுக்கப் பிரசங்கம் செய்தவர், அடியில் இறுகிப்போன பாகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். நீரை ஊற்றி அடுப்பில் கொஞ்ச நேரம் வையுங்கள், மாமா.