செல்ஃப் அடிக்குது, புடிக்கல

வண்டி மக்கர் செய்வதில் இரண்டு ரகம் உண்டு. சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிப்போவது முதல் ரகம். நாணயமானது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு வந்து படுத்துவிடலாம். இரண்டாவது ரகத்தில் செல்ஃப் மட்டும் 'டுர்ர்ர்… டுர்ர்ர்ர்…' என்று அடித்துக்கொண்டே இருக்கும், இன்ஜின் புடிக்காது. அறுவடை மிஷின்காரர் போனில் பேசுகிற மாதிரி. "இதோ, பக்கத்து வயல்லதாங்க நிக்கிறேன், வந்துட்டேன்" என்பார். மிஷின் அப்போது பேராவூரணியில் நிற்கும்.

என் பிக்கப் இரண்டாவது ரகத்தில் சேர்ந்தது ஒரு தை மாதக் கடைசியில். பதினேழு வயது முடிந்த டீசல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை என்பது போகப் போகத் தெரியும். ஒரத்தநாட்டுப் பக்கம் சின்ன லோடு வண்டி எதுவானாலும் அதற்குப் பெயர் குட்டி யானைதான். என்னுடையது குட்டியாக வந்து, வளர்ந்து, கிழமாகி, மதநீர் மாதிரி எல்லா மூட்டிலும் ஆயிலைக் கசியவிட்டுக்கொண்டிருந்த யானை.

முதல் நாள் ராத்திரியே இருபது மூட்டை சம்பா நெல்லை ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. மூட்டைக்கு 60 கிலோ, ஆக 1,200 கிலோ. விடிந்ததும் கொள்முதல் நிலையத்தில் இடம் பிடிக்க வேண்டும். தென்கிழக்கே வானம் கறுத்திருந்தது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தளர்த்தச் சொல்லி டெல்டாவிலிருந்து அரசாங்கத்துக்கு மனுப் போட்டுப் பழக்கம் உண்டு. மேகத்துக்கு மனுப் போட்டுப் பழக்கமில்லை.

காலை ஐந்தரைக்குச் சாவியைத் திருப்பினேன். டுர்ர்ர்ர். மறுபடியும் திருப்பினேன். டுர்ர்ர்ர்ர்.

எங்கள் தெருவில் குழந்தை அழுதால் இரண்டு பேர் வருவார்கள். செல்ஃப் அடித்தால் தெருவே வரும்.

முதலில் மாமா வந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "பேட்டரி வீக்கு மாப்ளே."

"வீக்குன்னா செல்ஃப் இந்தச் சுத்து எப்படி மாமா சுத்தும்?"

"அணையப்போற வெளக்கு அப்படித்தான் மாப்ளே எரியும்."

அடுத்து, கல்லூரிக்குப் போகிற தம்பி. கையில் செல்போன், அதில் ஏதோ வீடியோ. "அண்ணே, ஸ்பார்க் பிளக்கக் கழட்டித் தொடைங்கண்ணே."

"டீசல் வண்டில ஸ்பார்க் பிளக்கே கெடயாது தம்பி."

"அப்ப அதாண்ணே பிரச்சினை!"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நெருப்பு வைக்காமல் ஒன்று எரியும் என்றால் யார்தான் நம்புவார்கள்? டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்த நேரம் பார்த்து இன்ஜெக்டர் டீசலைப் புகையாகப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலுக்கே முதலில் புடிக்கவில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1893இல் முதல் சோதனை. மறு வருஷம் பிப்ரவரியில் ஒரே ஒரு நிமிஷம் ஓடியது. உருப்படியாக ஓடியது 1897இல். அவருக்கு நாலு வருஷம் ஆனது. எனக்கு நாலு மணி நேரம்தான் ஆனது. ஆனால் அவருக்கு ஆலோசனை சொல்ல எங்கள் தெரு அங்கே இல்லை.

பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல் காலை ஊன்றி நின்று பார்த்தார். "ஏண்ணே, நம்ம ஊர்லதான் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கே, 2012லேருந்து. குட்டி யானன்னு சொன்னா பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். காலையிலிருந்து என்னிடம் காசு செலவாகாத யோசனை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மச்சானின் யோசனை கொஞ்சம் விபரீதம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் நனைத்த துணியை வாயில் காட்டிச் செல்ஃப் அடிக்க வேண்டுமாம். புடிக்கும். இன்ஜின் புடிக்காவிட்டால் தீ புடிக்கும். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கிற டீசல் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியைக் காட்டுவது, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற காரியம். வேண்டாம் என்றேன். "பயந்தவனுக்கு வண்டி எதுக்கு?" என்றான் மச்சான். அவனுக்கு வண்டி இல்லை.

பிறகு தள்ளினோம். 1,200 கிலோ நெல்லோடு தள்ளினோம். மூட்டையை இறக்கிவிட்டுத் தள்ளலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெருமுனை வரை தள்ளியதில் வண்டியைத் தவிர மற்ற எல்லாருக்கும் மூச்சு இரைத்தது.

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். டெஸ்ட் லைட்டை எடுத்து வரிசையாக ஃபியூஸ் பார்த்தார். எல்லாம் சரி. சாவியை ஆன் செய்து, டீசல் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டில் காதை வைத்தார். 'டிக்' என்றது, அதுவும் சரி. அந்த 'டிக்' வராவிட்டால் பம்புக்குள் டீசலுக்கு வழி திறக்காது. ஹீட்டர் பிளக்கும் வேலை செய்தது. அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "பம்ப எறக்கித் தஞ்சாவூருக்குக் கலிபரேஷன் அனுப்பணும்ணே" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிற குரல் அது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பு கிட்டே வந்திருந்தது.

அதுவரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"செல்ஃப் அடிக்கறப்ப சைலன்சர்ல பொக வருதாடா?"

காலையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வண்டியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தராவது பின்பக்கம் போயிருந்தால்தானே தெரியும்! மச்சானைச் சைலன்சர் பக்கம் நிறுத்திவிட்டு ஒரு தடவை அடித்தேன். துளிப் புகை இல்லை.

"வெள்ளப் பொக வந்தா டீசல் போவுது, எரியலன்னு அர்த்தம். பொகையே இல்லன்னா டீசலே போவலடா. ஏர் புடிச்சிருக்கு."

பெரியப்பா வண்டி ஓட்டியதில்லை. லைசென்ஸும் கிடையாது. ஆனால் புது ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் ஆயில் இன்ஜினை வைத்து முப்பது வருஷம் தண்ணீர் இறைத்தவர். கல்லணைக் கால்வாயைத்தான் நாங்கள் புது ஆறு என்போம். 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய். எங்களுக்கு இன்னும் புதுசு. ஆயில் இன்ஜின் வைத்திருந்தவர்களுக்கு ஏர் எடுப்பது பல் விளக்குவதற்கு அடுத்த வேலை.

"ஏர் இருந்தா என்ன பெரியப்பா? தள்ளிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான் தம்பி.

பெரியப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "டேங்குதான் மேட்டூரு. ஃபில்டரு கல்லண. இன்ஜெக்டரு கடமட. மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு சொல்றாங்க, கடமடக்கித் தண்ணி வரல. நடுவுல எங்கயோ ஒடப்பு."

இதற்கு மேல் ஒரு இன்ஜினியரிங் புத்தகம் தேவையில்லை. டீசலை நசுக்க முடியாது. பம்பு அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே போய் இன்ஜெக்டரைத் திறக்கும். காற்றோ நசுங்கிக் கொடுக்கும். பம்பு அழுத்த அழுத்தச் சுருங்கி, விட்டதும் விரிந்துகொள்ளும். இன்ஜெக்டர் திறக்கவே திறக்காது. அதோடு, உடைப்பு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில், உறிஞ்சுகிற பக்கம் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி முழுக்க அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய, குழாயில் நின்ற டீசல் மொத்தமும் டேங்குக்கே திரும்பிப் போயிருந்தது.

மெக்கானிக் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப் பம்பை அமுக்கிப் பார்த்தார். நாலைந்து அமுக்கில் கல்லாக வேண்டும். நாற்பது அமுக்கியும் பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. உடனே வண்டிக்கு அடியில் புகுந்தார். டேங்கிலிருந்து வருகிற இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேர்கிற இடத்தில், ஹோஸின் முதுகுப்பக்கம் பல் தடம். சின்னச் சின்னதாக, வரிசையாக, பொறுமையாகக் கடித்திருந்தது.

எலி.

சம்பா அறுத்ததும் வயல் எலிக்கு வயலில் வேலை முடிந்துவிடுகிறது. வீட்டுப் பக்கம் கிளம்பி வருகிறது. வந்த இடத்தில் இருபது மூட்டை நெல்லும் தார்ப்பாயும் இருந்தால் அது ஏன் வேறு வீடு பார்க்கிறது? மூட்டையைத் தொட்டிருந்தால் ஒரு படி நெல்லோடு போயிருக்கும். அது ஹோஸைத் தின்றது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தேன். யானை முகத்தவருக்கு எலி வாகனம் என்று படித்திருக்கிறோம். எங்கள் வீட்டில் எலிக்கு யானை வாகனம். அவர் அதைக் கண்டிக்கிற முகத்தோடு இல்லை.

"ஒரு வாரமா காலைல நாலு அடி அடிச்சாத்தாங்க எடுத்துச்சு. நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள் மனைவி வாசலிலிருந்து. சொன்னாள்தான். அதை இந்தக் கட்டுரையில் எழுதிவிட்டேன் என்பதையும் அவளிடம் சொல்லியாயிற்று.

ஹோஸ் வாங்க மாமாவின் மொபெட்டில் ஒரத்தநாடு கடைத்தெருவுக்குப் போனேன். வழியில் முத்தாம்பாள் சத்திரம். தன் அன்புக்குரிய முத்தாம்பாள் நினைவாகச் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டியது. அங்கே கல்லில் செதுக்கிய யானையும் குதிரையும் கட்டிடத்தைத் தேராக்கி இழுத்துக்கொண்டு நிற்கின்றன. இருநூறு வருஷமாக ஒரு அடி நகரவில்லை. பேட்டரி வீக்கு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

புது ஹோஸைப் போட்டு இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கியானதும், பெரியப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப் பம்பை அமுக்கச் சொன்னார். முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வந்தது. அமுக்க அமுக்க நுரை குறைந்து, தெளிந்த டீசலாக வந்தது. "இப்ப முறுக்கு." பிறகு இன்ஜெக்டர் நட்டு நாலையும் லேசாகத் தளர்த்தி, பத்து செகண்டுக்கு மேல் போகாமல் செல்ஃப் அடிக்கச் சொன்னார். விட்டு விட்டுத்தான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் புகைந்து, மாமாவின் பேட்டரி ஜோசியமும் பலித்துவிடும். ஒவ்வொரு நட்டிலும் டீசல் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றாக முறுக்கினார் மெக்கானிக்.

கல்யாண மேளம் ஆரம்பிக்கிற மாதிரித்தான் புடித்தது. முதலில் ஒரு சிலிண்டர் ஒத்து மாதிரி முனகியது. அடுத்தது சேர்ந்தது. மூன்றாவது தாளம் தப்பி வந்தது. நாலாவது விழுந்ததும் தவில் இறங்கியது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சியடித்து, பின்னாலேயே நின்றுகொண்டிருந்த மச்சானை மூடியது.

நெல் மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அன்றைய கணக்கில் ஒரு அடி ரப்பர் ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆனதைவிட, ஆலோசனை சொன்னவர்களுக்கு வாங்கிக் கொடுத்த முப்பத்தி நாலு டீக்கு ஆனது அதிகம்.

உங்கள் பழைய டீசல் வண்டி காலையில் இரண்டு மூன்று அடி கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தால், அன்றைக்கே குனிந்து ஹோஸைப் பாருங்கள். தெருவுக்குத் தெரிவதற்கு முன்னால் பாருங்கள்.