ஆமை சார்

ஆமை சார் தம் வாழ்நாளில் ஓர் ஆமையைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. புதிதாக யார் அறிமுகமானாலும் தம் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். பிறகு எதற்கு மொட்டைமாடியில் பாதியாக அறுத்த சின்டெக்ஸ் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்குள் ஏன் பச்சை முதுகுகள் வெயில் காய்கின்றன என்று கேட்டால், "எல்லாம் நம்ம ஜனங்க குடுத்ததுதான் சார்" என்பார், கல்யாண மொய்யைப் பற்றிப் பேசுகிற அடக்கத்தோடு.

மடிப்பாக்கம், நங்கநல்லூர், அம்பத்தூர் என்று சென்னையின் எந்தப் பக்கம் போனாலும், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படி ஒருவர் அகப்படுவார். பெரும்பாலும் வங்கியிலோ தொலைபேசித் துறையிலோ ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கும். இந்த மூன்றும் ஒருவரிடம் கூடியிருப்பது, வேண்டாத ஆமை வைத்திருப்பவர்களின் மூக்குக்கு எப்படியோ எட்டிவிடுகிறது. மறுத்துப் பேசத் தெரியாத முகமும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கதை எப்போதும் கொளத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு வண்ணமீன் கடையில்தான் தொடங்கும். குழந்தை மீன் கேட்டுப் போயிருக்கும். அங்கே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு ஜீவன், கன்னத்தில் சிவப்புக் கோட்டோடு நாலு காலையும் துழாவிக்கொண்டிருக்கும். செங்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு. "இவ்ளோதான் சார், இதுக்கு மேல வளராது" என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் கடையில் இருக்கும்வரை அது வளர்வதில்லைதான், அதற்குள் விற்றுவிடுகிறது. பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட ஒரு கிண்ணத்தையும் சேர்த்து விற்பார். அடுத்த வருடம் ஆமை அந்தத் தென்னையைப் பிடுங்கிப் போடும். சில வருடங்களில், பெண்ணாக இருந்தால் ஓடு மட்டுமே ஓர் அடியை நெருங்கும். தினமும் தண்ணீர் மாற்றாவிட்டால் கூடத்தில் உட்கார்ந்து பேச முடியாது.

அப்புறம் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் ஆமை சார் வீட்டு அழைப்புமணி அடிக்கும். ஆமையை ஒப்படைக்க யாரும் பகலில் வருவதில்லை. அப்பா கையில் மூடி போட்ட பக்கெட், அம்மா கையில் பாதி தீர்ந்த தீனி டப்பா, நடுவில் குழந்தை. "டிரான்ஸ்ஃபர் வந்திடுச்சு சார்." "பையனுக்கு பத்தாவது சார்." "எங்க மாமியார் வராங்க, அவங்களுக்கு ஆஸ்துமா." ஆமைக்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆமை சார் கேட்டதில்லை. டிரான்ஸ்ஃபர் வந்ததாகச் சொன்னவர் ஆறு மாதம் கழித்தும் அதே லிஃப்டில் எதிரே நின்று கூரையைப் பார்ப்பார், அதையும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்ப்பதாகக் குழந்தை அழுதபடி சத்தியம் செய்யும். முதல் ஞாயிறு வரும். இரண்டாம் ஞாயிறு டியூஷன்.

வாஸ்துக்காரர்களின் வரத்தும் உண்டு. வடக்கு மூலையில் தண்ணீரோடு ஆமை இருந்தால் பணம் கொட்டும் என்று ஒரு நிபுணர் சொல்லியிருப்பார். பணம் கொட்டாது, கணவருக்கு வேலை போகும். அந்த நேரம் பார்த்துக் கும்பகோணத்திலிருந்து வந்த அத்தை, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியை எடுத்து விடுவார். அன்றிரவே பக்கெட் கிளம்பிவிடும். "உங்களுக்கு பயமா இல்லையா சார்?" என்று கேட்டவர்களுக்கு ஆமை சார் வைத்திருக்கும் பதில்: "அமீனா வந்தா ஜப்தி பண்ணிட்டுப் போகட்டுமேங்க. இந்தத் தொட்டிங்களை விட்டா எங்க வீட்ல வேற என்ன இருக்கு?"

ஆரம்பத்தில் அவருக்கும் ஒன்றும் தெரியாது. இப்போது தெரியாதது குறைவு, அதுதான் ஆபத்து. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படாவிட்டால் ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிவிடும் என்பதை, நீங்கள் கேட்காமலே, படிக்கட்டில் நிறுத்திச் சொல்லுவார். ஓடு என்பது கழற்றி மாட்டும் சட்டை கிடையாது, முதுகெலும்பும் விலாவும் சேர்ந்ததுதான் ஓடு என்பார். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்குவார். கடைக்காரர் அவருக்கு ஏதோ தீராத தோல் வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கீரைக்கார அம்மாவோ, இவர் வீட்டில் யாருக்கோ சர்க்கரை முற்றிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். தினம் மூன்று கட்டுப் பொன்னாங்கண்ணியை இரண்டு பேர் தின்ன முடியுமா? பாலக் மட்டும் வேண்டாம் என்பார், அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைச் சேரவிடாது. இதையும் கீரைக்கார அம்மாவிடம் விளக்கியிருக்கிறார்.

இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி வரும். "சார், ஓடு உரியுது சார்!" வளரும்போது மேல்தகடு உரிவது இயல்புதான் என்று சமாதானம் சொல்லுவார். "சாப்பிடவே மாட்டேங்குது சார்" என்று இன்னொருவர். விசாரித்தால், சோபாவில் உட்கார வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆமைக்கு வாய் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கவே வரும். ஓட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள், பல்துலக்கும் பிரஷ்ஷும் விம்மும் போட்டுத் தேய்க்கிறவர்கள், நெயில் பாலிஷில் ஓம் எழுதியவர்கள் என்று அவருடைய நோயாளிகளின் உறவினர் பட்டியல் நீளமானது.

வந்த பெயரை மாற்றக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் தொட்டிகளில் டாலர், பப்பு, இரண்டு லட்சுமி, ஒரு குபேரன். குபேரன் போன கோடையில் முட்டையிட்டான். ஆண் துணை இல்லாமலே பெண் ஆமை கருவில்லாத முட்டை இடும், இடுவதற்குத் தோண்டும்படியாக மண் வேண்டும். விடியற்காலையில் ஒரு சிமெண்ட் சட்டி நிறைய ஆற்றுமணலைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறியவரைப் பார்த்து, கட்டுமான வேலை செய்ய அனுமதி வாங்கினீர்களா என்று சங்கச் செயலாளர் கேட்டார். "குபேரனுக்கு பிரசவம் சார்" என்று பதில் வந்தது. செயலாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இதில் டாலர் அசல் ஆண். லட்சுமியின் முகத்துக்கு நேரே நீந்திவந்து, நீண்ட முன்நகங்களைப் படபடவென்று ஆட்டும். அது காதல் சமிக்ஞை. டாலரின் பழைய சொந்தக்காரர்கள் அதை "ஹாய் சொல்லுது" என்று வீடியோ எடுத்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள்.

ஆமை சாருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பேச்சுக்குத்தான். "ஏன் சார் கஷ்டப்படறீங்க, கோயில் குளத்துல விட்டா புண்ணியமாச்சே!" அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்துவிடுவார். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் செங்காது ஆமைக்கும் இடம் உண்டு. குளத்தில் விட்டால் நம்மூர் ஆமையின் தீனியையும் அது வெயில் காயும் கல்லையும் இது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை 1997-லேயே நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலோ, குழந்தைகள் இதை வாயில் வைத்து சால்மோனெல்லா நோய் வாங்கியதால், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கக் கூடாது என்று 1975-இலேயே தடை போட்டார்கள். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, "தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும்" என்பார். கேட்டவர் புண்ணியத்தை மறந்துவிட்டு வாஷ்பேசினைத் தேடுவார்.

ஒருமுறை வாசலில் யாரோ ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே நட்சத்திர ஆமை. ஆமை சார் வியர்த்துவிட்டார். இது நம் மண்ணின் ஆமை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வைத்திருந்தால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை சிறை. பையைத் திறந்த கையோடு வனத்துறைக்குத் தொலைபேசி செய்தார். ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை, எதிர்வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார். காபி கொடுத்தது அவர் மனைவி.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். முதல் ஆமைக்குச் சண்டை, இரண்டாவதற்கு மௌனம், மூன்றாவதிலிருந்து கீரை நறுக்கித் தருகிறார். இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. ஐ.டி. பையன் ஒருவன் ஊருக்குப் போகிறேன் என்று ஒரு பச்சை இகுவானாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். வால் நுனிவரை அளந்தால் நாலு அடி. அது வாலை ஒரு வீசு வீசியதில் டீப்பாய் மேலிருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது. அம்மாள் பேசவில்லை, செம்பை எடுத்து நிமிர்த்திவிட்டு வாசல் கதவைத் திறந்துவைத்தார். பையனும் இகுவானாவும் போய்விட்டார்கள். அதற்கடுத்த மாதம், உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் பால் பைதான் ஒன்று இருப்பதாகவும், பரம சாது என்றும், மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும் என்றும் தொலைபேசியில் ஒருவர் சொன்னார். ஆமை சார் இழுத்தபடி மனைவியின் முகத்தைப் பார்த்தார். "என்னங்க," என்றார் அம்மாள், "அது சாப்பிடாம இருக்கும். அப்புறம் நீங்களும் இருக்க வேண்டியிருக்கும்."

டல்லாஸில் இருக்கும் மகள், "அங்கெல்லாம் வேண்டாத பாம்பு, ஆமையெல்லாம் எடுத்துக்க தனி காப்பகமே இருக்குப்பா. தத்து கேட்டா விண்ணப்பம் வாங்கி, தொட்டிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க" என்கிறாள். ஆமை சாரை யாரும் விண்ணப்பம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டபோது குடியிருப்பில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: லாரித் தண்ணீரை ஆமைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. அடியில் கையெழுத்திட்ட ஐவரில் மூவரின் ஆமைகள் மொட்டைமாடியில்தான் இருந்தன. ஆமை சார் பதில் சொல்லாமல் தம் செலவில் தனி லாரி வரவழைத்தார். தொட்டி கழுவிய நீரை வழக்கம்போலக் கறிவேப்பிலைச் செடிகளுக்கு ஊற்றினார். அந்தக் கறிவேப்பிலை அந்த வருடமும் காடாக வளர்ந்தது. கையெழுத்திட்ட ஐவர் வீட்டிலிருந்தும் பறித்துப்போனார்கள். நன்றாகக் கழுவிப் போடுங்கள் என்று மட்டும் ஒரு சீட்டு எழுதிச் செடியில் கட்டினார்.

அவருடைய நிழலைக் கண்டதும் எல்லா ஆமைகளும் தொட்டி ஓரத்துக்கு நீந்தி வந்து கழுத்தை நீட்டுகின்றன. "பாருங்க, என்னை அடையாளம் தெரியுது" என்று நெகிழ்வார். தீனி டப்பாவோடு நான் போனாலும் அதே நீட்டலைத்தான் நீட்டின. அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. செங்காது ஆமை நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடத்துக்கு மேலும் இருக்கும். அவருடைய தொட்டியில் மூத்ததற்கே பத்து வயதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து ஆமை சார் எல்லாரிடமும் கூடுதல் அன்பாகப் பழகுகிறார், வீட்டுக்குக் காபிக்கு அழைக்கிறார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை அறை என்று விசாரிக்கிறார். உங்களையும் அழைப்பார். போங்கள், காபி நன்றாக இருக்கும். பேச்சுவாக்கில், உங்கள் பால்கனியில் காலை வெயில் எத்தனை மணிவரை இருக்கும் என்று கேட்டால் மட்டும், வெயிலே வராது என்று சொல்லிவிடுங்கள்.